மாட்சிமையா, மேன்மையா? அரசர்களை அழைக்கும் முறை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்து அச்சகங்களில் அழைப்பிதழுக்கு மெய்ப்புப் பார்ப்பவர்கள், ஏற்காட்டுப் பள்ளிகளில் ஆண்டு விழா நாடகம் எழுதும் ஆசிரியர்கள், மேடையில் தொகுத்து வழங்குபவர்கள், மொழிபெயர்ப்பு வேலை எடுப்பவர்கள் என்று பலரும் கேட்கிற சந்தேகங்கள் இவை. கேட்டவர்கள் சொன்ன மாதிரியே கேள்விகளை விட்டிருக்கிறோம். எந்தக் கேள்வியானாலும் இரண்டு விஷயம் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது: அவர் இன்று ஆட்சியில் இருக்கிறாரா? நாம் அவரிடம் பேசுகிறோமா, அவரைப் பற்றிப் பேசுகிறோமா?

மாட்சிமை, மேன்மை ரெண்டும் ஒண்ணுதானே? எதை யாருக்குப் போடணும்?

ஒன்றல்ல, படி வேறு. நாட்டை ஆளும் அரசர், அரசி, பேரரசர், அரசரின் மனைவியான அரசி ஆகியோருக்கு 'மாட்சிமை தங்கிய'. ஆங்கிலத்தில் 'மெஜஸ்டி' வருகிற இடம் இது. பிரிட்டன், பூட்டான், தாய்லாந்து மன்னர்களும் ஜப்பான் பேரரசரும் இதில் அடங்குவார்கள். இளவரசர், இளவரசி, அமீர், பழைய இந்தியச் சமஸ்தானங்களின் மகாராஜா ஆகியோருக்கு 'மேன்மை தங்கிய'. அங்கே ஆங்கிலத்தில் 'ஹைனஸ்' வரும்.

வளைகுடாவில் வேலை பார்க்கிறவர்கள்தான் இதில் அதிகம் தடுமாறுகிறார்கள். அங்கே பக்கத்துப் பக்கத்து நாட்டிலேயே வழக்கம் மாறும். குவைத், கத்தார் அமீர்களும் அமீரகத்தின் ஆட்சியாளர்களும் மேன்மை தங்கியவர்கள். ஓமன் சுல்தான் மாட்சிமை தங்கியவர். பஹ்ரைன் ஆட்சியாளர் 2002 வரை அமீர், அதன் பிறகு மன்னர். ஆள் அவரேதான், அடைமொழி மாறிவிட்டது. சவூதியில் மன்னர் ஃபஹத் 1986-இல் மாட்சிமை என்பதை விட்டுவிட்டு 'இரு புனிதப் பள்ளிவாசல்களின் காவலர்' என்ற பட்டத்தை எடுத்துக்கொண்டார். பின்வந்த மன்னர்களும் அதையே வைத்திருக்கிறார்கள். ஆகவே சுல்தான், அமீர் என்ற பெயரையோ நாட்டின் அளவையோ வைத்து நாமே முடிவு கட்டக்கூடாது. அந்த நாட்டுத் தூதரகம் தன் அரசரை எப்படி எழுதுகிறது என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.

'மாட்சிமை தாங்கிய'ன்னு சில பேர் எழுதுறாங்களே, எது சரி?

'தங்கிய'. மாட்சிமை அவரிடம் குடிகொண்டிருக்கிறது என்று பொருள். கால் வாங்கினால் அவர் அதைச் சுமந்து நிற்கிற மாதிரி ஆகிவிடும். பழைய எழுத்துகளில் 'மாட்சிமை பொருந்திய' என்றும் வரும், அதுவும் சரிதான். 'மாட்ச்சிமை' என்று ச் சேர்ப்பது பிழை.

யுவர் மெஜஸ்டி, ஹிஸ் மெஜஸ்டி... ரெண்டுக்கும் தமிழ்ல ஒரே சொல்தானா?

அடைமொழி ஒன்று, முடிவு வேறு. அவரைப் பற்றிச் சொல்லும்போது 'மாட்சிமை தங்கிய மன்னர் சார்லஸ் அவர்கள் வந்திருக்கிறார்கள்'. அவரிடமே சொல்லும்போது 'மாட்சிமை தங்கிய மன்னரே' அல்லது 'மன்னர் அவர்களே'. ஆங்கிலத்தில் முன்னால் மாறுவது தமிழில் வால் பகுதியில் மாறுகிறது, அவ்வளவுதான்.

டப்பிங்கிலும் வசன வரியிலும் தொடர்ந்து வரும் பிழை 'உங்கள் மாட்சிமை'. 'உங்கள் மாட்சிமை உணவருந்த வாருங்கள்' என்று தமிழில் யாரும் பேசியதில்லை. 'அரசே, உணவருந்த எழுந்தருள வேண்டும்' என்றால் போதும். மரியாதையில் பாதியைத் தமிழில் வினைச்சொல்லும் 'தாங்கள்' என்பதும் சுமந்துகொள்ளும். முதல் வரியில் மாட்சிமை என்று ஆரம்பித்து அடுத்த வரியில் 'நீங்க சொல்லுங்க' என்று இறங்கினால் மொத்தமும் கெட்டுவிடும். அடைமொழியை விட்டால்கூடப் பரவாயில்லை, 'தாங்கள்' என்று எடுத்துவிட்டால் கடைசிவரை அதிலேயே நில்லுங்கள்.

நேர்ல பாத்தா ஒவ்வொரு வரிக்கும் 'யுவர் மெஜஸ்டி' சொல்லணுமா?

தேவையில்லை. பிரிட்டிஷ் வழக்கத்தில் முதல் தடவை மட்டும் 'யுவர் மெஜஸ்டி'. அப்புறம் ஆணுக்கு 'சர்', பெண்ணுக்கு 'மேம்'. அந்த 'மேம்' குறுகிய ஓசை, 'மாம்' என்று நீட்டுவதில்லை. இளவரசர், இளவரசிக்கு முதல் தடவை 'யுவர் ராயல் ஹைனஸ்', பிறகு அதே சர், மேம். ஆண்கள் தலையை லேசாகக் குனிவதும் பெண்கள் முழங்காலைச் சற்றே மடக்குவதும் மரபு, கட்டாயம் கிடையாது. கைகூப்பி வணக்கம் சொன்னால் யாரும் குறையாக எடுத்துக்கொள்ளப் போவதில்லை. கைகுலுக்க வேண்டும் என்றால் அவர் நீட்டட்டும், நீங்கள் முந்த வேண்டாம்.

ராணின்னா எல்லாருக்கும் மாட்சிமைதானே? ராணியோட புருஷன் ராஜாதானே?

முதல் பாதி சரி, இரண்டாம் பாதி தவறு. தானே ஆளும் அரசிக்கும் அரசரை மணந்ததால் அரசியானவருக்கும் அடைமொழி ஒன்றுதான். எலிசபெத் ஆண்ட அரசி. கமிலா அரசரின் துணைவியான அரசி. இருவருமே மாட்சிமை தங்கியவர்கள். ஆனால் ஆளும் அரசியின் கணவர் தானாக அரசர் ஆவதில்லை. எலிசபெத்தின் கணவர் ஃபிலிப் கடைசிவரை இளவரசர்தான்; 'மன்னர் ஃபிலிப்' என்று எழுதினால் அவர் ஸ்பெயின் மன்னர் ஆகிவிடுவார்.

இந்த வித்தியாசத்தைக் காட்ட 'பட்டத்து அரசி' என்று எழுதுகிறார்கள். நம் வழக்கில் பட்டத்து அரசி என்றால் ராஜாவின் மூத்த மனைவி. தானே ஆள்பவரை 'ஆளும் அரசி' என்று எழுதினால் குழப்பம் இராது. 'பட்டத்து இளவரசர்' என்பதில் இந்தச் சிக்கல் இல்லை. அடுத்து முடிசூடப் போகிறவர் என்று எல்லோருக்கும் புரியும்.

இளவரசி டயானாவுக்கு 'மேன்மை தங்கிய' போடலாமா?

எந்த ஆண்டைப் பற்றி எழுதுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 1981-இல் திருமணம் ஆனதிலிருந்து போடலாம். 1996 ஆகஸ்டில் மணமுறிவோடு அந்த அடைமொழி போய்விட்டது. பிறகு அவர் 'டயானா, வேல்ஸ் இளவரசி' மட்டுமே. இறந்தவரைப் பற்றிய கட்டுரைக்கு அடைமொழியே வேண்டாம், பெயர் போதும்.

அரச குடும்பத்துக் குழந்தை எல்லாம் இளவரசர், இளவரசி என்பதும் சரியல்ல. 1917-இல் ஐந்தாம் ஜார்ஜ் இதற்கு வரம்பு கட்டினார்: ஆள்பவரின் பிள்ளைகள், மகன் வழிப் பேரக் குழந்தைகள், வேல்ஸ் இளவரசரின் மூத்த மகனுடைய மூத்த மகன். 2012-இல் எலிசபெத் அந்தக் கடைசி வரியைத் தளர்த்தி, அந்த மூத்த மகனின் பிள்ளைகள் எல்லோருக்கும் என்று ஆக்கினார். மகள் வழிப் பேரக் குழந்தைகளுக்கு இது கிடையாது. அதனால்தான் இளவரசி ஆனின் பிள்ளைகளுக்குப் பட்டமே இல்லை.

நாடகத்துல மந்திரி 'மன்னா'ன்னு கூப்பிட்டா மரியாதைக் குறைவா?

இல்லை. மன்னன் என்பதன் விளி மன்னா. வேந்தன் வேந்தே, அரசர் அரசே, கோ கோவே, இளவரசர் இளவரசே. இலக்கணத்தில் ஒருமையாக இருந்தாலும் கூடவே 'தாங்கள்' வருவதால் மேடையில் அது மரியாதை விளியாகவே ஒலிக்கிறது. 'மன்னா, நீ என்ன சொல்கிறாய்' என்று மந்திரி கேட்டால்தான் தவறு. அதையே புலவர் கேட்டால் தவறில்லை; சங்கப் புலவர்கள் அரசனை 'நீ' என்றுதான் பாடினார்கள்.

யார் அழைக்கிறார் என்பதைப் பொறுத்து விளி மாறினால் காட்சிக்கு உயிர் வரும். அமைச்சர் 'அரசே', காவலாள் 'மகாராஜா', அரசி 'சுவாமி' அல்லது 'பிரபு', மகன் சபையில் 'அரசே', அந்தப்புரத்தில் 'தந்தையே'. பகை மன்னன் வெறும் பெயரைச் சொல்வான். அந்த ஒரு சொல்லிலேயே பகை தெரிந்துவிடும். எல்லோரும் எப்போதும் 'மகாராஜா' என்று கத்துகிற நாடகங்களில் யார் மந்திரி, யார் சேவகன் என்று உடையைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

அதியமான், வல்வில் ஓரிக்கு 'சக்கரவர்த்தி', 'மகாராஜா'ன்னு எழுதலாமா?

வேண்டாம். சங்க காலத்தில் வேந்தர் என்றால் சேர, சோழ, பாண்டியர் மூவர்தான். தகடூரை ஆண்ட அதியமானும் கொல்லிமலையை ஆண்ட ஓரியும் குறுநில மன்னர்கள், வள்ளல்கள். அவர்களைச் சக்கரவர்த்தி ஆக்கினால் பெருமை கூடாது. பேரரசராக இல்லாமலே மூவேந்தருக்கு நிகராகப் புகழ்பெற்றார்கள் என்பதுதான் அவர்களுடைய சிறப்பே.

எப்படி அழைப்பது என்பதற்கு ஔவையே வழிகாட்டுகிறார். நெல்லிக்கனி பெற்றதும் பாடிய புறநானூற்று 91-ஆம் பாட்டில் அதியமானை 'அதியர் கோமான்' என்கிறார். நேரே விளிக்கும்போது 'பெரும'. இந்த இரண்டையும் அப்படியே நாடகத்தில் வைக்கலாம், பிள்ளைகள் வாயில் அழகாக வரும். 'கோவே', 'அண்ணலே' என்பனவும் பொருந்தும். மகாராஜா, பிரபு, ஜஹாம்பனா எல்லாம் பிற்காலத்துச் சரக்கு. ஆடிப்பெருக்கை ஒட்டி நடக்கும் ஓரி விழாவுக்குச் சுவரொட்டி அடிக்கிறவர்களுக்கும் இதுவே: 'வல்வில் ஓரி' என்பதே பட்டம் மாதிரிதான், முன்னால் எதையும் ஒட்ட வேண்டியதில்லை.

'ராஜாதி ராஜ, ராஜ மார்த்தாண்ட'ன்னு சொல்றாங்களே, அதை எந்த இடத்துல வைக்கணும்?

அதற்குக் கட்டியம் என்று பெயர். அரசன் சபைக்குள் நுழையும்போது, அரியணையில் உட்காரும் முன்பு, ஒரே ஒரு தடவை. சொல்பவன் கட்டியக்காரன், மந்திரியோ வாயிற்காவலனோ சொல்லக்கூடாது. வரிசை இப்படி: முதலில் 'ராஜாதி ராஜ, ராஜ மார்த்தாண்ட, ராஜ கம்பீர' போன்ற புகழ்ச்சி, பிறகு குலம், நாடு, வெற்றி, கடைசியில் பெயர், அதன்மேல் 'வருகிறார், பராக், பராக்'. பெயரை முதலிலேயே சொல்லிவிட்டால் ஏற்றம் போய்விடும். 'பராக்' என்பது சபையை விழிப்பாக இருக்கச் சொல்லும் எச்சரிக்கை. அரசன் பெயரோடு சேர்ந்த பட்டம் என்று நினைத்து 'பராக் மகாராஜா' என்று எழுதிய பிரதிகளும் உண்டு.

நீளத்தை மேடையை வைத்து முடிவுசெய்யுங்கள். பக்கவாட்டிலிருந்து அரியணைக்கு எட்டுப் பத்து அடி இருக்கும் பள்ளி மேடையில் நாலு தொடருக்கு மேல் வைத்தால் ராஜா வந்து உட்கார்ந்துவிடுவார், கட்டியம் ஓடிக்கொண்டே இருக்கும். தனி அறை, போர்க்களம், மாறுவேடக் காட்சிகளில் கட்டியம் கிடையாது. தெருக்கூத்தில் முறை வேறு. அங்கே வேடம் திரைக்குப் பின்னால் நின்று பாடி வரும், கட்டியக்காரன் யார் என்று கேட்பான், ராஜாவே தன் பெயரும் நாடும் சொல்லிக்கொள்வார். கூத்துக் காட்சியை நாடகத்தில் சேர்க்கும்போது இரண்டையும் கலக்காதீர்கள்.

கல்வெட்டுல ராஜாவுக்கு 'உடையார்', 'தேவர்'னு இருக்கு. அப்படின்னா அது சாதியா?

அங்கே அவை அரச மரியாதைச் சொற்கள். 'உடையார் ஸ்ரீராஜராஜ தேவர்க்கு யாண்டு' என்று வரும்போது உடையார் என்றால் தலைவர், தேவர் என்பது 'அவர்கள்' போல. முன்னால் வரும் 'கோ' அரசன். 'ராஜகேசரி', 'பரகேசரி' என்பவை சோழர்கள் மாறி மாறிச் சூடிய பட்டங்கள். இன்றைய சாதிப் பெயரோடு சேர்த்து வாசித்தால் வீண் சண்டைதான் மிஞ்சும்.

தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலைப் பற்றி எழுதும்போதும் இந்தக் கவனம் வேண்டும். அதைக் கட்டி எழுப்பிய கெட்டி முதலிகள் இந்தப் பகுதியை ஆண்ட சிற்றரசர்கள். 'கெட்டி முதலி' என்றே எழுதுங்கள். மகாராஜா, சக்கரவர்த்தி இரண்டும் பொருந்தாது.

சேர்வராயன் சாமி பேருலயே 'ராயன்' இருக்கே, திருவிழா நோட்டீஸ்ல 'மாட்சிமை தங்கிய' போடலாமா?

கோயில் தெய்வத்துக்கு 'அருள்மிகு'. 'அருள்மிகு சேர்வராயன், காவேரியம்மன்' என்று போட்டால் நிறைவு. ராயன் என்றால் அரசன்தான். அதனால் அந்தப் பெயரிலேயே அரச மரியாதை அடங்கிவிட்டது.

ராஜா, ஜமீன்தார், மிட்டாதார்... எங்க பாட்டனார் மிட்டாதார். அவரும் ராஜ வம்சம்னு போடலாமா?

போட முடியாது. சேலம் பகுதி 1792-இல் திப்புவிடமிருந்து ஆங்கிலேயருக்கு வந்தது. 1802-க்குப் பிறகு சாசுவத நிலவரித் திட்டத்தில் நிலங்களை மிட்டா மிட்டாவாகப் பிரித்து ஏலத்தில் விட்டார்கள். எடுத்தவர் மிட்டாதார், வரி வசூலித்து அரசுக்குக் கட்டும் பொறுப்பு அவருடையது. அது நில உரிமை சார்ந்த பெயர். சில ஜமீன்கள் பழைய பாளையக்காரர் வம்சம், அவர்களுக்கு ராஜா என்ற பட்டமும் இருந்தது. அப்போதும் 'ஹைனஸ்' கிடையாது.

'ஹைனஸ்' என்பது பிரிட்டிஷ் காலத்தில் பீரங்கி மரியாதையோடு கட்டப்பட்டிருந்தது. பரம்பரையாக 11 குண்டு அல்லது அதற்கு மேல் மரியாதை பெற்ற சமஸ்தான ஆட்சியாளருக்கு அது உண்டு. மைசூருக்கு 21, திருவிதாங்கூருக்கு 19, புதுக்கோட்டைக்கு 11. ஹைதராபாத் நிஜாமுக்கு மட்டும் 1918 முதல் 'எக்ஸால்ட்டட் ஹைனஸ்' என்று ஒரு படி மேலே. சேலத்தில் சமஸ்தானமே இல்லாததால் இங்கே யாருக்கும் அந்த அடைமொழி இருந்ததில்லை. 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதல் அமைச்சராக இருந்த டாக்டர் ப. சுப்பராயன்கூடக் குமாரமங்கலம் ஜமீன்தார் என்றே அறியப்பட்டார். குடும்ப வரலாற்றில் 'மிட்டாதார் இன்னார்' என்று எழுதுங்கள். 1948 ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிந்திய தலைமுறைக்கு 'மிட்டாதார் குடும்பத்தைச் சேர்ந்த' என்று எழுதுங்கள்.

மலை ஊர்ல ஊர்க்கவுண்டர், பட்டக்காரர்னு இருக்காங்களே, அவங்களை மேடையில எப்படிச் சொல்றது?

அந்த ஊர் எப்படி அழைக்கிறதோ அப்படியே. பொறுப்பின் பெயர், ஊரின் பெயர், ஆளின் பெயர், 'அவர்கள்'. எந்தப் பொறுப்பு யாருக்கு மேல் என்பது மலையில் நாட்டுக்கு நாடு (பல ஊர்கள் சேர்ந்த பிரிவுக்கு அங்கே நாடு என்று பெயர்) வேறுபடும், ஆகவே பெயர் வரிசையை ஊர்ப் பெரியவர்களிடமே முதல் நாள் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பாராட்டுகிறேன் என்று 'மலையின் மகாராஜா' என்று இழுத்தால் பக்கத்து ஊர்க்காரர் முகம் சுருங்கும்.

இப்ப இருக்கிற ராஜ குடும்பத்து ஆளை விழாவுக்குக் கூப்பிடுறோம். 'மேன்மை தங்கிய மகாராஜா'ன்னு அச்சடிச்சா சட்டப்படி குத்தமா?

தண்டனை எதுவும் இல்லை, ஆனால் அந்தப் பட்டத்துக்கு அரசு அங்கீகாரமும் இல்லை. சுதந்திரத்துக்குப் பிறகும் பழைய சமஸ்தான ஆட்சியாளர்களுக்கு அரசு அங்கீகாரமும் மானியமும் இருந்தன. 1970-இல் குடியரசுத் தலைவர் ஆணை மூலம் அங்கீகாரத்தை நீக்கினார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. அடுத்த ஆண்டே 26-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் கொண்டுவந்து 1971 டிசம்பர் 28 முதல் இரண்டையும் ஒழித்துவிட்டார்கள். அரசமைப்பின் 18-ஆவது பிரிவு அரசு பட்டம் வழங்குவதையே தடுக்கிறது.

அரசு அலுவலகம், அரசுப் பள்ளி, நீதிமன்றம் சார்ந்த எதிலும் போடாதீர்கள். தனியார் விழா என்றால் 'மைசூர் அரச குடும்பத்தைச் சேர்ந்த திரு. இன்னார் அவர்கள்' என்பதுதான் நம் பரிந்துரை. உண்மையும் இருக்கிறது, மரியாதையும் குறையவில்லை. அவர்கள் தரப்பிலிருந்து 'ஹெச்.ஹெச்.' (ஹிஸ் ஹைனஸ்) என்று போட்டுக் கடிதம் வரலாம். அது அவர்கள் குடும்ப வழக்கம். அதை அப்படியே பின்பற்றுவது உங்கள் விருப்பம், கடமை அல்ல.

அப்ப பேருக்கு முன்னாடி 'பத்மஸ்ரீ', 'சர்' போடுறது?

பத்ம விருது பட்டம் அல்ல, ஆகவே 18-ஆவது பிரிவுக்கு முரணல்ல என்று 1995-இல் பாலாஜி ராகவன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. கூடவே, அதைப் பெயருக்கு முன்னோ பின்னோ ஒட்டக்கூடாது என்றும் சொன்னது. 'பத்மஸ்ரீ விருது பெற்ற' என்று தனி வரியில் போடுங்கள், சிக்கல் இல்லை.

'சர்' பட்டத்தைச் சுதந்திரத்துக்கு முன் பெற்றவர்களுக்கு வரலாற்றுக் குறிப்பில் போடலாம்: 1929-இல் பெற்ற சர் சி.வி. ராமன் போல. அது முதற்பெயரோடு சேரும், குடும்பப் பெயரோடு சேராது. 'சர் வின்ஸ்டன்' சரி, 'சர் சர்ச்சில்' தவறு. பிரிட்டிஷ் மன்னரைத் தலைவராகக் கொள்ளாத நாட்டுக்காரருக்குக் கௌரவமாகத் தரப்படும் விருதில் 'சர்' வராது.

கவர்னருக்கு 'மேதகு'வா, 'மாண்புமிகு'வா? பிஷப்புக்கு?

2012-இல் குடியரசுத் தலைவராக இருந்த பிரணாப் முகர்ஜி 'எக்ஸலன்ஸி' என்பதை உள்நாட்டு நிகழ்ச்சிகளில் விடச் சொன்னார். அதிலிருந்து குடியரசுத் தலைவருக்கும் ஆளுநருக்கும் 'மாண்புமிகு' என்பதே பொருத்தம். வெளிநாட்டுத் தூதர், வெளிநாட்டு அதிபர் ஆகியோருக்கு 'மேதகு' இன்றும் உண்டு. ராஜாஜி கவர்னர் ஜெனரலாக இருந்த 1948 முதல் 1950 வரையிலான காலத்தைப் பற்றிய நாடகமானால் 'மேன்மை தங்கிய' என்று வைத்தால் காலத்துக்குப் பொருந்தும்.

கத்தோலிக்கத் திருச்சபை வழக்கு தனி. அங்கே ஆயருக்கு 'மேதகு ஆயர்'. ஏற்காட்டுப் பள்ளி விழாக்களில் ஆயரும் அமைச்சரும் ஒரே அழைப்பிதழில் வருவது சகஜம். ஒருவருக்கு மேதகு, மற்றவருக்கு மாண்புமிகு. ஒரே ஆளுக்கு இரண்டையும் அடுக்காதீர்கள்.

ஏற்காட்டுல பழைய கல்லு, பலகையில 'எம்ப்ரஸ்', 'கிங் எம்பரர்', 'ராவ் பகதூர்'னு இருக்கு. இதுல எது ராஜ பட்டம்?

முதல் இரண்டு மட்டும். விக்டோரியா 1877 ஜனவரி 1 முதல் இந்தியாவின் பேரரசி. அதற்கு முந்திய நாணயத்தில் 'குயின்', அதன் பிறகு 'எம்ப்ரஸ்'. ஏழாம் எட்வர்டிலிருந்து ஆறாம் ஜார்ஜ் வரை 'கிங் எம்பரர்'. 1948 ஜூன் 22-இல் அந்தப் பேரரசர் பட்டம் கைவிடப்பட்டது. தேதி இல்லாத பலகைக்குக் காலம் கணிக்க இது நல்ல துப்பு. தமிழில் எழுதும்போது 1877-க்கு முன் 'விக்டோரியா அரசி', பின் 'பேரரசி'. பேச்சில் 'மகாராணி' என்றே நிலைத்துவிட்டது, அதை இனி மாற்ற முடியாது.

ராவ் சாகிப், அதற்கு மேல் ராவ் பகதூர், அதற்கும் மேல் திவான் பகதூர் என்பவை பிரிட்டிஷ் அரசு தனிமனிதருக்குத் தந்த கௌரவங்கள். முஸ்லிம்களுக்கு கான் சாகிப், கான் பகதூர். வாரிசுக்கு இறங்காது. தாத்தா ராவ் பகதூர் என்றால் பேரன் ராவ் பகதூர் ஆக மாட்டார்.

பிரிட்டிஷ் ராஜாவுக்கு எங்க ஸ்கூல் பசங்க கடிதம் எழுதணும்னா எப்படி எழுதுறது?

உறைமேல் அவரைப் பற்றிச் சொல்லும் வடிவம்: 'ஹிஸ் மெஜஸ்டி தி கிங்', அதன் கீழ் பக்கிங்காம் அரண்மனை, லண்டன். உள்ளே அவரிடம் பேசும் வடிவம்: 'யுவர் மெஜஸ்டி' என்று தொடங்குங்கள். இந்த இரண்டையும் மாற்றிப் போடுவதுதான் வழக்கமான பிழை. முதல் பத்தியில் யார், எந்தப் பள்ளி, இரண்டாவதில் எழுதும் காரணம், மூன்றாவதில் நன்றி. ஒரு பக்கம் தாண்ட வேண்டாம். முடிவில் பணிவான வணக்கமும் கையெழுத்தும் போதும். 'கீழ்ப்படிந்த அடியேன்' என்ற பொருள்படும் நீண்ட மரபு முடிவு இன்று கட்டாயமில்லை.

தமிழில் எழுதி ஆங்கிலப் பெயர்ப்பை இணைக்கலாம். 'பெறுநர்: மாட்சிமை தங்கிய மன்னர் மூன்றாம் சார்லஸ் அவர்கள்' என்று மேலே; விளியில் 'மாட்சிமை தங்கிய மன்னர் அவர்களுக்கு, வணக்கம்'.

பேனர்ல இடம் பத்தலைன்னா 'மா.த.'ன்னு சுருக்கலாமா?

கூடாது. யாருக்கும் புரியாது, பார்க்கவும் அசிங்கம். இடமில்லை என்றால் அடைமொழியை எழுத்தளவில் குறையுங்கள்: பெயரின் அளவில் பாதி வைத்து மேல் வரியில் தனியாகப் போடலாம். 'மாட்சிமை' ஒரு வரியிலும் 'தங்கிய' அடுத்த வரியிலும் உடையாமல் பாருங்கள். 'மாண்புமிகு' என்பதில் ண். 'மான்புமிகு' அச்சாகிப் போன பேனரைத் திருப்பி அடிக்கிற செலவு அச்சகத்தின் தலையில்தான் விழும். ஒலிபெயர்ப்பில் 'மேன்மைமிகு ஹிஸ் ஹைனஸ்' என்று ஒன்றையே இரண்டு தடவை சொல்வதும் பரவலாக இருக்கிறது, ஏதாவது ஒன்றை அடித்துவிடுங்கள்.

பதவி போன ராஜாவுக்கு?

தானே விலகியவருக்கும் முடியாட்சியே ஒழிந்துபோனவருக்கும் வேறுபாடு உண்டு. டென்மார்க்கின் மார்கரெத் 2024 ஜனவரி 14-இல் மகனுக்காக விலகினார். அந்த நாடு அவரை அரசி என்றும் மாட்சிமை தங்கியவர் என்றுமே வைத்திருக்கிறது, நாமும் அப்படியே எழுதலாம். நேபாளத்தில் 2008 மே 28-இல் முடியாட்சியே ஒழிக்கப்பட்டது. ஆகவே ஞானேந்திரா 'நேபாளத்தின் முன்னாள் மன்னர்' மட்டுமே.

மாப்பிள்ளை பேரே இளவரசன். பத்திரிகையில குழப்பம் வருமா?

முன்னெழுத்தைச் சேர்த்து 'திருநிறைச்செல்வன் இரா. இளவரசன்' என்று போட்டால் பெயர் என்று தெரிந்துவிடும். ராஜா, மகாராஜன், ராணி என்ற பெயர்களுக்கும் இதுவே. காதணி விழா பேனரில் 'எங்கள் வீட்டு இளவரசி' என்று போடுவதற்கு எந்த விதியும் தடையில்லை. 'மேன்மை தங்கிய' மட்டும் வேண்டாம்.